6 வாட் சிப் போதுமா? மெல்லிய லேப்டாப்புகள் நேருக்கு நேர்

மெல்லிய லேப்டாப் என்றதும் "அது ஸ்லோவா இருக்குமே" என்பவர்களில் பாதிப் பேர் செலரான் காலத்துச் சூடு கண்ட பூனைகள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. ஆனால் குறைந்த மின்சாரத்தில் ஓடும் சிப்புகள் (லேப்டாப்பின் மூளையான பிராசஸர்கள்) எல்லாம் ஒரே ரகம் இல்லை. இங்கே நான்கை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்: செலரான் என்4020 (2019), இன்டெல் என்100 (2023), கோர் ஐ3-1215யு (2022), ஆப்பிள் எம்1 (2020).

அன்றாட வேலை என்றால் என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன். பத்துப் பதினைந்து டேப் திறந்த குரோம், வாட்ஸ்அப் வெப், எக்ஸெல், யூடியூப், அவ்வப்போது ஜூம் அல்லது மீட். கேமும் வீடியோ எடிட்டிங்கும் இந்தக் கணக்கில் வராது.

செலரானை முதலில் கழித்துவிடலாம். இரண்டே கோர் (சிப்புக்குள் கணக்குப் போடும் பகுதி), பெரும்பாலும் 4 ஜிபி ரேம், கூடவே 64 ஜிபி இஎம்எம்சி என்ற மலிவு வகைச் சேமிப்பகம். விண்டோஸ் 11 கேட்கும் குறைந்தபட்ச அளவு சரியாக இதுதான்: 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம். அது விண்டோஸ் ஏறுவதற்கான தகுதி, அதில் உட்கார்ந்து வேலை பார்ப்பதற்கான தகுதி இல்லை. ரேம் நிரம்பியதும் விண்டோஸ் மிச்சத்தைச் சேமிப்பகத்தில் தள்ளும். இஎம்எம்சியின் உச்ச வேகமே நொடிக்கு 400 எம்பி. வேகமான சேமிப்பகமான என்விஎம்இ எஸ்எஸ்டி சாதாரணமான ஒன்றே 3000ஐத் தாண்டும். டேப் மாற்றினால் மவுஸ் உறைந்து நிற்பதற்கு இதுதான் காரணம், பழி மட்டும் சிப்பின் தலையில். எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் விண்டோஸுக்காக இதை வாங்காதீர்கள்.

உண்மையான போட்டி என்100க்கும் ஐ3-1215யுவுக்கும்தான்.

என்100இல் நான்கு கோர். நான்குமே இன்டெல் 'இ-கோர்' என்று சொல்லும் சிக்கன வகை. அடிப்படை மின் அளவு 6 வாட், உச்ச வேகம் 3.4 கிகாஹெர்ட்ஸ். ஐ3-1215யுவில் இரண்டு பெரிய கோர், நான்கு சிக்கனக் கோர். அடிப்படை 15 வாட், உச்சம் 4.4 கிகாஹெர்ட்ஸ். வேகத்தை அளந்து மதிப்பெண் தரும் கீக்பெஞ்ச் 6 மென்பொருளின் ஒற்றைக் கோர் சோதனையில் என்4020 தோராயமாக 500 வாங்கும், என்100 சுமார் 1200, ஐ3 சுமார் 2000, எம்1 சுமார் 2300. மெஷினுக்கு மெஷின் கொஞ்சம் கூடும், குறையும்.

அப்படியானால் ஐ3 ஒன்றரை மடங்குக்கும் மேல் வேகமா? காகிதத்தில் ஆமாம், கையில் அப்படித் தெரியாது. அன்றாட வேலை தொடர்ச்சியான வேலை இல்லை. ஒரு பக்கத்தைத் திறந்தால் சிப் ஒன்றிரண்டு நொடி முழு மூச்சாக உழைக்கும். நீங்கள் அதைப் படிக்கும் இரண்டு நிமிடமும் சும்மா கிடக்கும். 6 வாட், 15 வாட் என்பதெல்லாம் நீண்ட நேர உழைப்புக்கான கணக்கு. சின்ன ஓட்டத்துக்கு என்100ஐ 20 வாட் வரைகூட போகவிடும் தயாரிப்பாளர்கள் உண்டு, 1215யுவுக்கு இன்டெல் தரும் உச்ச வரம்பே 55 வாட். அதனால் டைப் அடிப்பதிலும் மெயில் பார்ப்பதிலும் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. கனமான இணையதளம் திறக்கும்போதும், ஆயிரக்கணக்கான வரிசை உள்ள எக்ஸெல் ஷீட்டில் பார்முலா போடும்போதும்தான் தெரியும். தெரிந்தாலும் எரிச்சல் வரும் அளவுக்கு இல்லை.

எரிச்சல் வரும் இடம் வீடியோ அழைப்பு. கேமரா, மைக், எதிரில் பத்து முகங்கள், பின்னணியை மங்கலாக்கும் வசதி, அதற்கு மேல் ஸ்கிரீன் ஷேர். இது ஒரு மணி நேரம் விடாமல் நடக்கும் உழைப்பு. என்100 இதில் திணறும், விசிறி இல்லாத உடம்பாக இருந்தால் இன்னும் மோசம். சித்திரை வெயிலில் ஏசி இல்லாத அறையில் சூடு வெளியேற வழியில்லை. சிப் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைக்கும். தினமும் ஆன்லைன் வகுப்பு எடுப்பவர், வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர் என்றால் கூடுதல் பணம் போட்டு ஐ3க்கே போங்கள், விசிறிச் சத்தத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். வாரத்துக்கு ஒரு மீட்டிங்தான் என்றால் பின்னணி மங்கலை அணைத்துவிட்டு என்100இலேயே சமாளிக்கலாம்.

ரேம் விஷயத்தில் மட்டும் சமரசம் வேண்டாம். 8 ஜிபியும் எஸ்எஸ்டியும் உள்ள என்100, 4 ஜிபி போட்ட ஐ3யை விட அன்றாட வேலைக்கு மேல். ஆனால் என்100க்கு ரேமோடு பேசும் பாதை (சேனல்) ஒன்றுதான், இன்டெல் கணக்கில் அதிகபட்சம் 16 ஜிபி. பல மாடல்களில் ரேமைப் போர்டோடு சாலிடர் செய்துவிடுகிறார்கள், பின்னால் கூட்ட முடியாது. என்100 பெயரோடு இஎம்எம்சி போட்டு விற்பவையும் உண்டு, பெட்டியில் எழுதியிருப்பதைப் படியுங்கள்.

பேட்டரியில் ஒரு ஏமாற்று இருக்கிறது. 6 வாட் என்றால் நாள் முழுக்க ஓடும் என்று நினைப்போம். சும்மா இருக்கும்போது சிப் தின்பது கொஞ்சம், திரை தின்பதுதான் அதிகம். மலிவு லேப்டாப்பில் பேட்டரியும் சின்னதாகவே வைப்பார்கள். எனவே ஐ3யை விட என்100 பெரிதாக நீடிக்கும் என்று நம்ப வேண்டாம்.

இப்போது எம்1 மேக்புக் ஏர். விசிறி கிடையாது, சத்தம் கிடையாது, 2020 நவம்பரில் வந்தது. இன்றும் மேலே சொன்ன மூன்றையும் ஒற்றைக் கோரில் முந்துகிறது. இணையம் பார்த்தால் பேட்டரி 15 மணி நேரம் வரும் என்று ஆப்பிள் சொல்லியது. நீண்ட வீடியோ எக்ஸ்போர்ட்டில் சில நிமிடம் கழித்துச் சூட்டில் வேகம் குறையும், அன்றாட வேலையில் அந்த நிலை வருவது அரிது. மெல்லியது என்றால் மந்தம் என்ற பேச்சை இது ஒன்றே முடித்துவிட்டது. வேடிக்கை என்னவென்றால், யூடியூப் பயன்படுத்தும் ஏவி1 வடிவ வீடியோவைப் பிரிக்கத் தனி வன்பொருள் எம்1இல் இல்லை, மலிவான என்100இல் இருக்கிறது!

ஆனால் கணக்கு வேலை பார்ப்பவருக்கு எம்1 ஒத்துவராது. கணக்கெழுதும் டேலி விண்டோஸ் மென்பொருள், பழைய மேக்குகளில் விண்டோஸ் ஏற்ற உதவிய பூட் கேம்ப் வசதியும் எம்1இல் கிடையாது. டிஜிட்டல் கையொப்ப டோக்கன் செருகி வரி ரிட்டர்ன் போடுகிறவர்களும் பெரும்பாலும் விண்டோஸை நம்பித்தான் இருக்கிறார்கள். இதே எச்சரிக்கை 2024இல் வந்த ஸ்னாப்டிராகன் எக்ஸ் லேப்டாப்புகளுக்கும் பொருந்தும். வேகம் அருமை, பேட்டரி அருமை. ஆனால் அவை ஏஆர்எம் விண்டோஸ் மெஷின்கள், அதாவது இன்டெல் சிப்பிலிருந்து வேறுபட்ட, போன் சிப் வகை. பழைய மென்பொருளைப் பெரும்பாலும் எமுலேஷனில் (மொழிபெயர்த்து ஓட்டும் முறையில்) ஓட்டிவிடலாம், பிரிண்டர் போன்ற கருவிகளை இயக்கும் டிரைவர் மட்டும் ஏஆர்எம்முக்கென்றே எழுதியதாக இருக்க வேண்டும். கடையில் இருக்கும் பழைய பில் பிரிண்டர் அங்கே பல்லிளிக்கலாம்.

கடைசியாக, செகண்ட் ஹேண்ட். அலுவலகங்கள் கழித்துவிடும் மெல்லிய லேப்டாப்புகளில் ஐ5-8250யு நிறையக் கிடைக்கும்: 2017இன் சிப், நான்கு கோர், 15 வாட். வேகத்தில் புது என்100க்கு ஏறக்குறைய சமம். கீபோர்டும் உடம்பும் பல மடங்கு தேவலை, ரேமும் பெரும்பாலும் மாற்றிக்கொள்ளலாம். பேட்டரி மட்டும் தளர்ந்திருக்கும், அதற்கும் சேர்த்து விலை பேசுங்கள். அப்புறம், அதற்கு முந்தைய ஐ5-7200யுவை அதே விலைக்குத் தள்ளிவிடப் பார்ப்பார்கள். விண்டோஸ் 11 ஆதரவுப் பட்டியலில் அது இல்லை, விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது.