ஏரி இறாலா, கடல் இறாலா, பண்ணை வனாமியா? சென்னைச் சந்தையை முன்வைத்து ஓர் ஒப்பீடு

மார்கழியிலும் தையிலும் சென்னையில் இறால் வாங்கச் செல்பவர் முன்னால் மூன்று விதமான சரக்கு ஏறத்தாழ ஒரே நிறத்தில் குவிந்து கிடக்கிறது. ஒன்று பழவேற்காடு ஏரியில் இரவு வலையில் விழுந்த வெள்ளை இறால். இன்னொன்று காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகுகள் இறக்கிய கடல் இறால். மூன்றாவது பண்ணைக் குளங்களில் தீவனமிட்டு வளர்த்த வனாமி. பெரியது, நடுத்தரம், பொடி என்ற அளவு வேறுபாட்டைத் தாண்டி வாங்குபவருக்குப் பெரும்பாலும் எதுவும் சொல்லப்படுவதில்லை. அளவை மட்டும் வைத்து விலை பேசும் இந்தப் பழக்கம் நீடிக்கும் வரை வனாமிதான் வெல்லும். பழவேற்காட்டு இறால் தனக்குரிய விலையைப் பெற வேண்டுமானால் அதை வேறு கணக்கில் விற்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

சென்னைக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டர் தொலைவில் உள்ள பழவேற்காடு, ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரியாகும். வெள்ளை இறால் கடலில் முட்டையிடுகிறது. குஞ்சுகள் முகத்துவாரத்தின் வழியாக ஏரிக்குள் நுழைந்து, ஆழமில்லாத சேற்று நீரில் சில மாதங்கள் வளர்ந்து, முழு வளர்ச்சி அடைவதற்கு முன்பே கடலுக்குத் திரும்பப் புறப்படுகின்றன. வடகிழக்குப் பருவமழையின் வெள்ளம் ஏரிக்குள் வந்து உப்பு குறையும்போது இந்தப் புறப்பாடு வேகம் பிடிக்கிறது. அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய இரவுகளில், நீர் வடியும் நேரம் பார்த்து வலை கட்டுவதன் காரணம் இதுதான். எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை கட்டலாம் என்பதை ஊர் கூடிச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யும் பாடு முறை இங்கே தலைமுறைகளாக நடந்து வருகிறது. வலையே இல்லாத பிடிப்பும் உண்டு: இருளர் பெண்கள் இடுப்பளவு நீரில் குனிந்து, ஓலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, சேற்றை இரு கைகளாலும் தடவி ஒவ்வொரு இறாலாக எடுத்துப் பறிக்குள் போடுகிறார்கள். அப்படி வரும் சரக்கு அளவில் மிகக் குறைவு. ஆனால் அதில் நசுங்கியதோ கால் ஒடிந்ததோ அநேகமாக இருக்காது.

சுவையைப் பொறுத்தவரை நீரின் உப்பு ஒரு முக்கியமான காரணி. உப்பு மிகுந்த நீரில் வாழும் இறால், அந்த உப்பை ஈடுகட்டத் தன் தசையில் கிளைசின் போன்ற அமினோ அமிலங்களைச் சேர்த்துக்கொள்கிறது. நாக்கில் இனிப்பாகத் தெரிவது அதுதான். ஆகவே மழை கொட்டும் ஐப்பசி, கார்த்திகையில் ஏரி இறால் மிகுதியாகக் கிடைத்தாலும், மழை நின்று ஏரியில் உப்பு மீண்டும் ஏறத் தொடங்கும் தை மாதத்து இறாலையே நான் விரும்புவேன். பருவம் என்பது கிடைக்கும் காலத்தை மட்டுமல்ல, சுவையின் ஏற்ற இறக்கத்தையும் சேர்த்துக் குறிக்கிறது என்பதை விற்பவர்கள் வாங்குபவருக்கு எடுத்துச் சொல்வதே இல்லை. இந்த இறாலின் ஓடு மெல்லியது. தலையைத் திருகும்போது ஆரஞ்சு நிறக் கொழுப்பு விரலில் ஒட்டினால் சரக்கு புதியது என்று நம்பலாம். நெற்றியிலுள்ள கொம்பு நீண்டு, அதன் அடிப்பக்கத்திலும் பற்கள் வரிசையாக இருக்கும். வனாமியின் கொம்போ ஒப்பீட்டளவில் குட்டையானது, அடிப்பக்கப் பற்களும் குறைவு.

ஏரி இறாலின் பலவீனம் அளவுதான். கடலுக்குத் திரும்பும் முன்பே பிடிபடுவதால் பெரும்பாலும் நடுத்தரத்துக்கு மேல் போவதில்லை. பெரிய இறால் வேண்டுபவர் காசிமேட்டுக்குத்தான் போக வேண்டும். விடியுமுன் நடக்கும் ஏலத்தில் வெள்ளை இறாலோடு கருவண்டு இறாலும் பூ இறாலும் கூடை கூடையாக வருகின்றன. ஆனால் அங்கே கேட்க வேண்டிய முதல் கேள்வி விலை அல்ல, படகு எத்தனை நாள் கடலில் தங்கியது என்பது. அன்றே போய் அன்றே திரும்பிய படகின் இறாலும், பல நாள் பனிக்கட்டியில் கிடந்த இறாலும் ஒரே ஏலத்தில் அடுத்தடுத்து விற்கப்படலாம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்குத் தடை இருப்பதால், தடை நீங்கியபின் வரும் ஜூன் பிற்பகுதியே கடல் இறாலின் நல்ல காலம். ஏரி இறாலின் பருவத்தில் கடல் இறாலை வாங்குவதில் எனக்கு ஒரு மனத்தடையும் இருக்கிறது: பங்குனி ஆமைகள் முட்டையிட எங்கள் கரையை நெருங்கும் காலமும் அதுவே. 2025 ஜனவரியில் சென்னைக் கரையோரம் நூற்றுக்கணக்கான ஆமைகள் இறந்து ஒதுங்கியதைப் பார்த்தவர்கள், ஆமைகள் சிக்கி இறக்கும் இழுவலையைப் பற்றி யோசிக்காமல் இருக்க முடியாது.

வனாமியைக் குறைத்துப் பேசுவது எளிது. ஆனால் அது நியாயமில்லை. பசிபிக் பெருங்கடலின் லத்தீன் அமெரிக்கக் கரையைச் சேர்ந்த இந்த இனம் 2009இல் இந்தியாவில் வளர்ப்புக்கு அனுமதிக்கப்பட்டது. இறக்குமதியாகும் தாய் இறால்கள் சென்னை நீலாங்கரையிலுள்ள தனிமைப்படுத்தும் நிலையத்தில் நோய்ச் சோதனை முடிந்த பிறகே பொரிப்பகங்களுக்குப் போகின்றன. மூன்று நான்கு மாதங்களில் ஒரே அளவாக வளர்கிறது, ஒரே நாளில் அறுவடையாகிறது, உடனே பனி நீரில் மூழ்குகிறது. நன்றாகப் பனியிட்ட வனாமி, பனியில்லாமல் பத்து மணி வெயில்வரை கூடையில் வந்த ஏரி இறாலைவிட எல்லா விதத்திலும் மேலானது. கல்யாணப் பிரியாணிக்கு ஐம்பது கிலோ ஒரே அளவில் வேண்டுமென்றால் வனாமியைத் தவிர வேறு வழியில்லை. குறைந்த உப்பு நீரில் வளர்ந்ததென்றால் சுவை சற்றே வெறுமையாக இருக்கும். மசாலா தூக்கலான உணவில் அது தெரியாது.

விலையை ஒப்பிடும்போது தவறான எடையை ஒப்பிடுவதுதான் பெரும்பாலான வீடுகளில் நடக்கிறது. இறாலின் எடையில் தலை மட்டுமே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். ஓடும் நீங்கினால் சமையலுக்கு மிஞ்சுவது பாதி அளவே. ஆகவே உரித்த இறாலின் விலை முழு இறாலின் விலையைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு இருந்தால் அது அதிக விலை அல்ல. அதற்கு மிகவும் கீழே இருந்தால் பாஸ்பேட் கரைசலில் ஊறவைத்து நீரேற்றிய சரக்காகவோ, பனிப்பூச்சும் சேர்த்து எடை போட்ட உறைந்த சரக்காகவோ இருக்கலாம். முழு இறாலாக வாங்குபவருக்குத் தலையும் லாபம்: அதை வறுத்துக் கொதிக்கவைத்து வடிகட்டிய சாற்றில் குழம்பு வைத்தால் கூடுதலாக எதுவும் வேண்டாம். ஏரி இறாலுக்கு என் தேர்வு முருங்கைக்காயோ சுரைக்காயோ சேர்த்த, புளி மட்டான குழம்பு. கடல் இறால் பெரியதென்றால் தோசைக்கல்லில் வறுவல். எந்த இறாலாக இருந்தாலும் உடல் வளைந்து நிறம் மாறியதும் இறக்கிவிட வேண்டும். அதற்குமேல் வெந்தால் ரப்பர்தான்.

விற்பனை வழிகளுக்கு வருவோம். கடலிலும் ஏரியிலும் பிடிபடும் இயற்கை இறாலுக்கு உள்ளூர்ச் சந்தை ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு வலுவான காரணம் உண்டு: ஆமைகளைக் காக்கும் கருவி வலைகளில் இல்லை என்று சொல்லி, 2019இல் அமெரிக்கா இந்தியாவின் இயற்கை இறாலுக்குத் தன் கதவை மூடியது. வனாமியின் கதவும் 2025 ஆகஸ்டில் 50 விழுக்காடு வரியால் குறுகியது. ஏற்றுமதி தடுமாறும்போதெல்லாம் வனாமி உள்ளூருக்குத் திரும்பும். அப்போது அளவுக் கணக்கில் விற்கும் ஏரி இறாலின் விலைதான் முதலில் சரியும்.

கரையிலேயே வியாபாரியிடம் போடுவது முதல் வழி. பணம் உடனே கைக்கு வரும், மழைக்காலத்தில் கடனும் கிடைக்கும். ஆனால் முன்பணம் வாங்கியவர் அவருக்கே விற்றாக வேண்டும், விலையும் அவர் சொல்வதே. காசிமேட்டு ஏலம் இதைவிடத் திறந்த முறை என்றாலும், அங்கே ஏரி இறால் தன் பெயரை இழந்து மொத்தக் குவியலில் கலந்துவிடுகிறது. இணையச் செயலிகள் பனிச் சங்கிலியில், அதாவது வீடு சேரும் வரை குளிர் குறையாமல் காப்பதில், சிறந்தவை. ஆனால் அவற்றுக்கு ஆண்டு முழுவதும் ஒரே அளவு, ஒரே தரம் வேண்டும். அமாவாசைக்கு ஏறி அஷ்டமிக்கு இறங்கும் சரக்கு அவற்றுக்குப் பொருந்தாது.

எனக்குச் சிறந்ததாகத் தோன்றுவது நான்காவது வழி: பழவேற்காட்டு மீனவப் பெண்கள் சிலர் சேர்ந்து, சென்னை அடுக்குமாடிக் குடியிருப்புகளிலிருந்து வாட்ஸ்அப்பில் முன்பதிவு பெற்று, வலை எடுத்த காலையிலேயே வண்டியேற்றுவது. நிலவின் கணக்குப்படி பிடிப்பு நாட்களை முன்கூட்டியே சொல்ல முடியும் என்பது இதற்குக் கிடைத்த வரம். பொட்டலத்தில் பிடித்த தேதியும் ஊரும் வலையா கைப்பிடியா என்பதும் எழுதப்பட வேண்டும். அருகிலேயே வனாமிப் பண்ணைகள் இருப்பதால், பெயர் விலைபோகத் தொடங்கிய மறுவாரமே பண்ணை இறால் அந்தப் பெயரில் வரக்கூடும். எனவே கலப்பைத் தடுக்கும் கண்டிப்பு ஊருக்குள்ளேயே இருக்க வேண்டும். பாடு முறையைத் தாங்களே நடத்தும் ஊர்களுக்கு இது புதிய பாடமாக இருக்காது. இடப்பெயரில் விற்பதில் ஆபத்தும் உண்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு பழவேற்காட்டுக்கு அருகிலுள்ள எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியபோது மீனவர் தொழிலே முடங்கியது. அப்படிப்பட்ட வாரங்களில் விற்பனையை நிறுத்திவைத்து, காரணத்தை வெளிப்படையாக அறிவிப்பதே வாடிக்கையாளரைத் தக்கவைக்கும்.

செலவுகளில் முதலிடம் பனிக்கட்டிக்கே தர வேண்டும். இறால் தலை கறுப்பது அழுகலால் அல்ல, அதன் உடலிலுள்ள நொதியால். எனினும் கறுத்த தலையைப் பார்த்தவர் வாங்கமாட்டார், அதைத் தடுக்க மருந்து தெளிப்பதைவிடக் கரையிலேயே பனியில் புதைப்பது நல்லது. இறாலுக்குச் சம எடை பனி, மூடியுள்ள பெட்டி, நகருக்குள் நுழையும் முன் ஒருமுறை நீரை வடித்துப் புதுப் பனி: இந்த ஏற்பாட்டோடு தை அமாவாசையை ஒட்டிய வாரத்தில் இரண்டு மூன்று குடியிருப்புகளுக்கு மட்டும் தொடங்கி, உரித்த எடைக்கு என்ன விலை விழுகிறது என்பதையும் சேர்த்தே பொட்டலத்தில் அச்சிட்டால், வனாமியோடு நேருக்கு நேர் ஒப்பிட்டு வாங்கும் வாய்ப்பு சென்னைக்காரர்களுக்குக் கிடைக்கும்.