ஆண்டுச் சந்தாவா, மாதச் சந்தாவா, சந்தாவே வேண்டாமா?

இணைய விற்பனைத் தளம் ஒன்றின் இலவச டெலிவரி சந்தாவைப் புதுப்பிக்கும் நாள் நெருங்குவதாக மின்னஞ்சல் வந்த அன்று, ஒரு தாளும் பேனாவுமாக உட்கார்ந்தேன். கடந்த ஓராண்டில் அந்தத் தளத்தில் போட்ட ஆர்டர்கள் ஒவ்வொன்றையும் திறந்து பார்த்து மூன்று பத்திகளாகப் பிரித்து எழுதினேன். சந்தா இல்லாவிட்டாலும் இலவசமாகவே வந்திருக்கக்கூடிய பெரிய ஆர்டர்கள் முதல் பத்தி. சந்தா இருந்ததால் மட்டுமே டெலிவரி கட்டணம் தப்பிய சிறிய ஆர்டர்கள் இரண்டாவது. சந்தா இல்லாவிட்டால் வாங்கியே இருக்கமாட்டேன் என்பவை மூன்றாவது.

மொத்தம் 46 ஆர்டர்கள். முதல் பத்தியில் 21, இரண்டாவதில் 14, மூன்றாவதில் 11. தளத்தின் கணக்குப் பக்கமோ நாற்பத்தாறையும் சேர்த்து, 'நீங்கள் மிச்சப்படுத்தியது' என்று ஒரு தொகையைக் காட்டியது. உண்மையில் எனக்கு மிச்சமானது அந்த 14 டெலிவரிகளின் கட்டணம்தான். மூன்றாவது பத்தியில் ஒன்று இன்னும் நினைவிருக்கிறது: செருப்புப் பெட்டி அளவு அட்டைப்பெட்டி, உள்ளே காற்றடைத்த பைகள், அவற்றுக்கு நடுவே ஒரே ஒரு பேனா ரீஃபில். அது மிச்சம் அல்ல, செலவு.

மூன்று வழிகளையும் ஒப்பிடும் முன், சந்தா எதை விற்கிறது என்று பார்க்க வேண்டும். அமேசான் 2002இலேயே, குறிப்பிட்ட தொகைக்கு மேல் வாங்குபவர்களுக்கு, மெதுவாக வந்தால் போதும் என்றால், இலவச டெலிவரி கொடுத்துவந்தது. 2005 பிப்ரவரியில் வந்த பிரைம் சந்தா அதோடு சேர்த்தது இரண்டு விஷயங்களை: இரண்டே நாளில் வரும், குறைந்தபட்சத் தொகையும் கிடையாது. பின்னால் வந்த சந்தாக்களில் பலவும் இதே அச்சில் வார்த்தவை. ஆகவே நாம் பணம் கொடுப்பது வேகத்துக்கும், சின்னச் சின்ன ஆர்டர்களை நினைத்த நேரத்தில் போடும் வசதிக்கும்தான். என் 14 ஆர்டர்களை இந்தக் கண்ணோடு மறுபடி பார்த்தேன். அவசரம் என்று மனசாட்சியோடு சொல்லத்தக்கவை மூன்று. அவற்றில் ஒன்று, அம்மாவின் ரத்த அழுத்தம் பார்க்கும் கருவிக்குக் கிழிந்துபோன கைப்பட்டை. மற்ற பதினொன்றும் ஒரு வாரம் காத்திருந்தால் ஒன்றோடொன்று சேர்ந்து குறைந்தபட்சத் தொகையைத் தொட்டிருக்கும்.

இப்போது ஆண்டுச் சந்தா. அதன் கணக்கு எளிது: ஆண்டுக் கட்டணத்தை மாதக் கட்டணத்தால் வகுத்துப் பாருங்கள். அமெரிக்காவில் 2022இல் கட்டணம் உயர்ந்த பிறகு, பிரைமின் ஆண்டுக் கட்டணம் ஏறக்குறைய ஒன்பதேகால் மாதக் கட்டணத்துக்குச் சமமாக இருந்தது. வால்மார்ட் நிறுவனத்தின் இதேபோன்ற சந்தாவான வால்மார்ட் பிளஸில் ஏழரை மாதம். அதாவது பத்து மாதமாவது உண்மையில் தேவைப்படுகிறவருக்கு முதலாவது லாபம், எட்டு மாதம் தேவைப்படுகிறவருக்கு இரண்டாவது. உங்கள் நாட்டில், உங்கள் தளத்தில் இந்த எண் வேறாக இருக்கும். அதைக் கண்டுபிடிக்க அரை நிமிடம் போதும், ஆனால் புதுப்பிக்கும் முன் அதைப் போட்டுப் பார்ப்பவர்கள் குறைவு.

ஆண்டுச் சந்தாவில் இன்னொரு சங்கடமும் உண்டு. சலுகைகள் நடுவில் மாறலாம். பிரைம் சந்தாவோடு சேர்ந்து வரும் படச் சேவையான பிரைம் வீடியோவில் 2024இன் தொடக்கத்தில் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் விளம்பரங்கள் நுழைந்தன; அவை வேண்டாம் என்றால் தனிக் கட்டணம். ஆண்டு முழுவதற்கும் கட்டிவிட்டவரும் அதை ஏற்கவேண்டியிருந்தது. படம், பாட்டு போன்ற இணைப்புகளை மதிப்பிட எனக்குத் தெரிந்த நேர்மையான வழி ஒன்றுதான்: இது தனியாக விற்கப்பட்டால் காசு கொடுத்து வாங்குவேனா? மாட்டேன் என்றால் அதன் மதிப்பு பூஜ்யம்.

மாதச் சந்தாதான் பலருக்கும் பொருத்தம் என்பது என் முடிவு. பெரிய தள்ளுபடி விற்பனை நடக்கும் மாதம், வீடு மாறும் மாதம், குழந்தை பிறக்கும் மாதம் என்று தேவை குவிகிற காலத்தில் சேர்ந்து, முடிந்ததும் விலகலாம். சேர்ந்த அன்றே தானியங்கிப் புதுப்பித்தலை நிறுத்திவிடுங்கள். பெரும்பாலான தளங்களில் கட்டிய காலம் முடியும்வரை சலுகைகள் தொடரும்.

இதை அன்றே செய்யுங்கள் என்று நான் வற்புறுத்தக் காரணம் இருக்கிறது. ஸ்டெஃபானோ டெல்லாவின்யா, உல்ரிக்க மால்மெண்டியர் என்ற பொருளியலாளர்கள் அமெரிக்காவில் உடற்பயிற்சிக் கூட உறுப்பினர்களின் பதிவுகளை ஆராய்ந்து 2006இல் வெளியிட்ட ஆய்வில், மாதாமாதம் கட்டியவர்கள் கடைசியாக வந்துபோன நாளுக்கும் விலகிய நாளுக்கும் இடையே சராசரியாக இரண்டு மாதங்களுக்கும் மேல் ஓடியிருந்தது. ஓராண்டுக்கு மேல் நீடித்தவர்களும், ஆண்டுக் கட்டணம் கட்டியவர்களைவிட மாதக் கட்டணம் கட்டியவர்களிலேயே அதிகம். எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்ற சுதந்திரமே விலகாமல் இருக்க வைக்கிறது.

விலகும் வழியும் எல்லா இடத்திலும் நேராக இருப்பதில்லை. சம்மதத்தைத் தெளிவாகப் பெறாமல் பிரைமில் சேர்த்தார்கள், ரத்து செய்வதைக் கடினமாக்கினார்கள் என்று அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் 2023இல் தொடுத்த வழக்கு, 2025 செப்டம்பரில் 250 கோடி டாலர் தருவதாக அமேசான் ஒப்புக்கொண்டு சமரசத்தில் முடிந்தது. குற்றத்தை நிறுவனம் ஒப்புக்கொள்ளவில்லை. எந்தத் தளமானாலும் சேரும் முன்பே ரத்து செய்யும் பக்கம் எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்த்துவிடுவது நல்லது.

கேஷ்பேக் தரும் உயர்நிலைச் சந்தாக்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2 சதவீதம் திரும்ப வருகிறது என்றால், கூடுதலாகக் கட்டும் தொகையைப் போல 50 மடங்குக்கு வாங்கினால்தான் கட்டியது திரும்பும். 5 சதவீதம் என்றால் 20 மடங்கு. அந்த அளவு எப்படியும் வாங்குகிற வீடு என்றால் சேரலாம். அந்த அளவை எட்டுவதற்காக வாங்குவது நஷ்டம்.

சந்தா இல்லாமல் இருப்பதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. குறைந்தபட்சத் தொகைக்குக் கொஞ்சம் குறையும்போது, வேண்டாத ஒன்றைக் கூடையில் போட்டு நிரப்பும் பழக்கம் எனக்கும் இருந்தது. இப்போது தேவைப்படும் பொருளைத் தோன்றும்போதே கூடையில் போட்டுவிட்டு, வாரம் ஒருமுறை மட்டும் திறந்து பார்க்கிறேன். தொகை எட்டாவிட்டால் அடுத்த வாரம்வரை அப்படியே இருக்கும். திறக்கும் நாளில் பாதிப் பொருள்களை நானே நீக்கிவிடுகிறேன்.

இந்த முறையில் எனக்கு ஆண்டில் இரண்டு மாதச் சந்தா போதுமானதாக இருக்கிறது. ஆனால் இதே தாளோடு ஒரு தோழியின் வீட்டிலும் உட்கார்ந்தேன். படுக்கையில் இருக்கும் தந்தையைத் தனியாகக் கவனித்துக்கொள்பவர் அவர். அரை மணி நேரம்கூட வெளியே போக முடியாது. கையுறை, விரிப்பு, புண்ணுக்குக் கட்டும் துணி என்று நாலைந்து நாளுக்கு ஒரு சின்ன ஆர்டர், ஒவ்வொன்றும் மறுநாளே வேண்டியது. அவருடைய இரண்டாவது பத்தி தாளின் பின்பக்கத்துக்கும் போனது. மூன்றாவது பத்தியில் எழுத எதுவும் இல்லை. அன்று மாலையே ஆண்டுச் சந்தாவைக் கட்டிவிடச் சொன்னேன்.