ஃபசாடா, வெனீரா?

மட்டக்களப்பில் உயர்தர வகுப்புப் பிள்ளைகளின் ஆங்கிலக் கட்டுரை திருத்துகிறவள் நான். பொய்த்தோற்றம் வருகிற இடமெல்லாம், ‘வெனீர்’ (veneer) பொருந்தும் இடத்திலும்கூட, ‘ஃபசாட்’ (facade) போட்டுவிடுகிறார்கள். வாசிக்கும்போது ‘ஃபகேட்’! பிரெஞ்சு வழி வந்த சொல் என்பதால் நடுவில் உள்ள ‘சி’க்கு ‘ச’ ஒலிதான்.

ஃபசாட் கட்டடத்தின் முன்பக்கம். மூலம் இத்தாலிய ‘ஃபாச்சா’, முகம். நம்முடைய ‘முகப்பு’க்குள்ளும் முகம் இருக்கிறது, ஆனால் அதில் கள்ளம் இல்லை, ‘போலி முகப்பு’ என்றால்தான் கருத்து வரும். எங்கள் கடைத்தெருவில் பாருங்கள்: முன்னால் பளபளக்கிற கண்ணாடி, பின்னால் போனால் மழைக்கு ஒழுகும் பழைய ஓட்டுக்கூரை. முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு இன்னொன்று. ஏமாற்றத்தான் வேண்டும் என்றில்லை. பெறுபேறு வந்த அன்று, சித்தியடையாத பிள்ளை வீட்டாருக்கு முன் சிரித்துக்கொண்டு திரிந்தால் அந்தச் சிரிப்பும் ஃபசாட்தான்.

வெனீர் தச்சுத்தொழில் சொல், மலிவுப் பலகைக்கு மேல் ஒட்டும் மெல்லிய நல்ல மரத்தகடு. நான் தேக்கு என்று நம்பி வாங்கிய அலுமாரியின் மூலை அடிபட்டபோதுதான் உள்ளே மரத்தூளை அமுக்கிய பலகை தெரிந்தது. ஆனால் மேலே ஒட்டியிருந்தது அசல் தேக்கு! ஒரு மில்லிமீற்றர்கூட இருக்காது, அவ்வளவுதான். பிள்ளைகள் தவறவிடுவது இதைத்தான். வெனீர் முழுப்பொய் அல்ல, ஆழமில்லாத உண்மை. “வாங்க மிஸ், இருங்க மிஸ்” என்ற கடைக்காரர், பொருளைத் திருப்பிக் கொண்டுபோனதும் முகம் கொடுக்கவில்லை. அந்த மரியாதை வெனீர். ‘மெல்லிய’ என்று பொருள்படும் ‘thin’ என்ற அடைமொழி இந்தச் சொல்லோடு அடிக்கடி வருவதும் அதனால்தான். ஃபசாட் இடிந்து விழும். வெனீர் உரிந்து போகும். எனக்கு அதிகம் குத்துவது வெனீர்தான்.

தமிழில் இரண்டுக்கும் ‘வேஷம்’ போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. வடமோடியோ தென்மோடியோ, கூத்துக் களரியில் ராசா வேஷத்தில் நிற்பது யாருடைய மகன் என்று பார்க்கிற எல்லாருக்கும் தெரியும். ‘வெளிவேஷம்’ என்றால் ஃபசாடுக்கு ஓரளவு பொருந்தும். வெனீருக்கு ‘மேற்பூச்சு’ போதும்.

‘பசுத்தோல் போர்த்திய புலி’யை எதில் சேர்ப்பது என்று ஒரு பிள்ளை கேட்டாள். இரண்டிலும் இல்லை, அது ‘டிஸ்கைஸ்’, ஆளையே மாற்றிக் காட்டுவது. மறுகா, 273ஆம் குறளில் தோல் போர்த்திக்கொண்டு மேய்வது புலி இல்லை, பசு. போர்த்தியிருப்பதுதான் புலித்தோல்.