"உங்கப்பா இன்னும் வரலியே?" – உண்மை, பொய், மூன்றாவதாக ஒரு பதில்

சாயங்காலம் விளக்கேற்றும் நேரத்தில் அம்மா வாசலைப் பார்த்துக்கொண்டே கேட்பாள். அப்பா போய் ஆறு வருஷம். டிமென்ஷியா என்னும் மறதி நோய் முற்ற முற்ற, பொழுது சாயும்போது இந்தத் தவிப்பு கூடும். என்ன பதில் சொல்வது என்பதில் எங்கள் வீட்டில் ஆளுக்கொரு கட்சி.

அண்ணன் உண்மைக் கட்சி. அதற்கு மருத்துவப் பின்னணியும் உண்டு. 1950களின் இறுதியில் அமெரிக்காவில் டொபீகா நகரத்து முன்னாள் படைவீரர் மருத்துவமனையில் ஜேம்ஸ் ஃபோல்சம் தொடங்கிய 'ரியாலிட்டி ஓரியன்டேஷன்': இன்று என்ன கிழமை, இது எந்த இடம் என்று திரும்பத் திரும்ப நினைவூட்டுவது. ஆரம்பக் கட்டத்தில் அம்மாவுக்கு இது உதவியது. காலையில் தினசரிக் காலண்டர் தாளை அவள்தான் கிழிப்பாள். ஆனால் "அப்பா செத்துட்டார்மா" என்பது இப்போது ஒவ்வொரு மாலையும் ஒரு புதுச் சாவு. செய்தி மறந்துபோகும், அழுகை நிற்காது. 2014இல் அயோவா பல்கலைக்கழகம் அல்சைமர் (டிமென்ஷியாவில் ஒரு வகை) நோயாளிகளுக்குச் சோகக் காட்சிகளைக் காட்டிப் பார்த்தது. படம் எவ்வளவு மறந்ததோ, அவ்வளவு நேரம் சோகம் நீடித்தது. அண்ணனிடம் இதைச் சொன்னேன், ஒப்புக்கொள்ளவில்லை.

அண்ணி பொய்க் கட்சி. "நாளைக்கு வந்துடுவார்." சட்டென்று வேலை செய்யும். ராத்திரி இரண்டு மணிக்குக் கதவைத் திறந்துகொண்டு கிளம்புகிறவளிடம் நானும் இதையே சொல்லியிருக்கிறேன். சிக்கல், ஒருத்தர் 'ஊருக்குப் போயிருக்கார்' என்றும் இன்னொருத்தர் 'ஆபீஸ்ல இருக்கார்' என்றும் சொல்லும்போதுதான். மறதி வந்தவர்களுக்குச் சந்தேகம் வராது என்று யார் சொன்னது?

நான் மூன்றாவது கட்சி. அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரத்து முதியோர் இல்லத்தில் வேலை பார்த்த நவோமி ஃபெயில் உருவாக்கிய 'வேலிடேஷன்' முறை. ஃபோல்சம் வழி முதியவர்களை மேலும் நோகடிப்பதைப் பார்த்து அவர் எதிர்த்திசையில் போனார்: கேள்விக்கல்ல, அதற்குப் பின்னால் இருக்கும் ஏக்கத்துக்குப் பதில் சொல்வது. "அப்பாவைத் தேடுதாம்மா? அவருக்கு உன் சமையல்ல எது பிடிக்கும்?" வத்தக்குழம்பில் ஆரம்பித்தால் அரைமணி நேரம் ஓடும். அந்த அரைமணி யாரிடம் இருக்கிறது என்பதுதான் இதன் விலை. இது நிச்சயம் பலன் தரும் என்று சொல்ல ஆய்வு ஆதாரமும் போதாது. இருந்தாலும் என் ஓட்டு இதற்கே.

அம்மாவைப் பார்த்துக்கொள்ள வரும் அக்காவுக்கும் சொல்லிக்கொடுத்தோம். முதல் வாரம் பொய்தான் சொன்னார். இப்போது விளக்கேற்றியதுமே, அம்மா கேட்பதற்கு முன்னால், "வத்தக்குழம்புக்குச் சுண்டைக்காயா, மணத்தக்காளியாம்மா?" என்று ஆரம்பித்துவிடுகிறார்.