சங்காராவா, ராலிங்ஸா?

மேற்கு ஆப்பிரிக்காவில் பக்கத்துப் பக்கத்து நாடுகளை ஆண்ட இரண்டு தலைவர்கள்; இவர்களில் யார் மேல் என்பதுதான் கேள்வி. இருவருமே ராணுவச் சீருடையோடு ஆட்சியைப் பிடித்தவர்கள்.

புர்கினா ஃபாசோவின் தாமஸ் சங்காரா 1983-ல் வந்தார். அரசின் மெர்சிடிஸ் கார்களை விற்றுவிட்டு, அமைச்சர்களைச் சின்ன ரெனோ 5-ல் போகச் சொன்னார். லட்சக்கணக்கான குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட வைத்தார். நாலே வருடம்தான். 1987 அக்டோபர் 15 அன்று, 37 வயதில் கொல்லப்பட்டார். அந்த நாற்காலியில் அவருடைய நெருங்கிய நண்பர் கம்பாவோரே உட்கார்ந்தார்.

கானாவின் ஜெர்ரி ராலிங்ஸ் விமானப்படைக்காரர். 1979-ல் அவர் ஆட்சியில் மூன்று முன்னாள் தலைவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதை என்னால் ஏற்கவே முடியாது. சரி, ஆனால் 1992-ல் தேர்தல் நடத்தினார், இரண்டு முறை வென்றார், 2001 ஜனவரியில் எதிர்க்கட்சியின் குஃபோரிடம் பதவியை ஒப்படைத்தார்.

மனசு சங்காரா பக்கம்தான். ஆனால் கானாவில் இன்றும் ஓட்டுப் போட்டு ஆட்சியை மாற்றுகிறார்கள்.