வியட்நாம் மீகாங் டூர் போறவங்க கவனம்: 74 லட்சம் டோங் போச்சு

இன்னும் ஆத்திரம் அடங்கலை. ஹோ சி மின் நகரத்தில், வெளிநாட்டுக்காரங்க தங்குற தெருவில் இருக்கிற ஒரு டூர் ஏஜென்சி. மூணு பேருக்கு 74 லட்சம் டோங், நம்ம காசுக்கு ஏறக்குறைய 25,000 ரூபாய், மொத்தமும் முன்பணம். மீகாங் ஆத்துப் பகுதியில் இருக்கிற ஆன் ஜியாங் மாகாணத்துக்குப் போய் ஓர் இரவு தங்கி வர்றதாத்தான் பேச்சு.

கவுன்டரில் இருந்த பெண் மேப்பை விரிச்சு, கம்போடியா எல்லைக்கிட்ட இருக்கிற சாவ் டாக் வரைக்கும் பேனாவால் கோடு போட்டா. ட்ரா சுங்கிற சதுப்புக் காட்டில் பச்சைப் பாசியைக் கிழிச்சுக்கிட்டுப் படகு போற வீடியோ காட்டினா. ஆத்தில் மிதக்குற வீட்டில் தரைப்பலகையைத் தூக்கினா, அடியில் கூண்டு நிறைய மீன் துள்ளுது. அம்மாவுக்கு சாவ் டாக் பக்கத்து சாம் மலை அடிவாரத்து அம்மன் கோயில்தான் எல்லாம். அந்தக் கோயில் திருவிழா 2024-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. மூலச்சிலை ஆதியில் விஷ்ணுவா இருந்திருக்கலாம்னு சொல்ற ஆய்வாளர்களும் உண்டு. அந்தப் பெண் அம்மா கையைப் பிடிச்சு, "கோயில் வாசலிலேயே இறக்கி விடுவாங்க"ன்னா. அந்த வார்த்தையை நம்பித்தான் பணத்தை எண்ணிக் கொடுத்தோம்.

வேன் 70 கிலோமீட்டரில், மி தோங்கிற ஊரிலேயே நின்னுடுச்சு. தேங்காய் மிட்டாய், தேன் டீ, ஓடையில் கொஞ்ச நேரம் துடுப்புப் படகு. சாயங்காலம் திரும்ப நகரத்துக்கே! கேட்டா கைடு, "எல்லாம் மீகாங்தானே" என்கிறான். மி தோ இருக்கிறது மீகாங்கோட ஒரு கிளையான தியென் ஆத்தங்கரை. சாவ் டாக் இன்னொரு கிளையான ஹாவ் ஆத்தங்கரை, நகரத்திலிருந்து சுமார் 250 கிலோமீட்டர். இந்த ஒருநாள் டூரை அதே தெருவில் கால்வாசிக் காசுக்கு விக்கிறாங்க.

ஆபீஸில் முதலில் "மேனேஜர் நாளைக்கு வருவார்". மறுநாள், "வெள்ளம், காடு மூடியாச்சு". தண்ணி ஏறுற காலத்தில்தான் அந்தக் காடே அழகு! ஹோட்டல் பையன் அங்கேயே போன் போட்டுக் கேட்டான், படகு ஓடுதாம். அதைச் சொன்னதும், "சாப்பாடு போட்டோமே, பணம் திரும்பாது". இப்போ மெசேஜைப் பார்க்கிறாங்க, பதில் இல்லை. 74 லட்சம் டோங்! அம்மா கோயிலைப் பார்க்காமலே ஊர் திரும்பறாங்க.

விவரமா எழுத இப்போ பொறுமை இல்லை. ரசீதில் வெறும் 'மீகாங் டூர்'னு எழுதினா வாங்காதீங்க, சாவ் டாக், ட்ரா சுன்னு ஊர் பேரும் தங்குற ஹோட்டல் பேரும் இருக்கணும். முழுப் பணம் முன்கூட்டியே வேண்டாம். சாவ் டாக்குக்கு நேரா பஸ் இருக்கு, ஆறு மணி நேரம்; அதில் போய், படகை அங்கேயே பேசிக்கோங்க.