ரவுட்டர் இருக்கக் கணினிக்குத் தனி ஃபயர்வால் எதற்கு? ஓர் ஒப்பீடு

மதுரை திருநகரில் வீட்டின் முன்னறையிலேயே அலுவலகம் வைத்துக் கணக்கு எழுதித்தரும் நண்பர் ஒருவர் என்னிடம் ஒரு யோசனை கேட்டார். ஃபைபர் இணைப்போடு வந்த ரவுட்டரிலேயே, வேண்டாத இணைப்புகளைத் தடுக்கும் ஃபயர்வால் இருப்பதாக, இணைப்புக் கொடுக்க வந்தவர் சொல்லிவிட்டுப் போனாராம். அப்படியானால், பக்கத்து மேசைக் கணினியில் டேலி என்னும் கணக்கு மென்பொருளின் கோப்பைத் திறக்கவிடாமல் மறிக்கும் விண்டோஸ் ஃபயர்வாலை அணைத்துவிடலாமா என்பதே அவர் கேட்டது. வேண்டாம் என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டேன். ஆனால் இரண்டும் எதை எதைப் பார்க்கின்றன என்று தெரிந்தால்தான் அந்த ஒரு வார்த்தைக்கு மதிப்பு.

ரவுட்டரின் காவல் பெரும்பாலும் வேறொரு வேலைக்கு இடையே கிடைத்தது. இணையத்தில் கருவிகளை அடையாளம் காட்டும் 32 பிட் ஐ.பி. முகவரிகள் மொத்தமே சுமார் 430 கோடி என்பதால், அவை தீர்ந்துபோகும் என்ற கவலையில் 1994இல் முகவரி மாற்றம் என்ற முறை முன்வைக்கப்பட்டது. அதன்படி வீட்டுக்குள் இருக்கும் கருவிகளெல்லாம் 192.168 என்று தொடங்கும் உள் முகவரிகளை வைத்துக்கொள்ள, வெளியுலகுக்கு ரவுட்டரின் ஒரே முகவரி மட்டும் தெரிகிறது. உள்ளிருந்து ஒரு கணினி வெளியே எதையாவது கேட்கும்போது, யார் கேட்டது, எந்தப் போர்ட் (இணைப்புக்கான எண்ணிட்ட வாசல்) வழியாகக் கேட்டது என்பதை ரவுட்டர் ஓர் அட்டவணையில் குறித்துக்கொண்டு, திரும்பி வரும் பதிலை உரியவரிடம் சேர்க்கிறது. யாரும் கேட்காமல் வெளியிலிருந்து வந்து நிற்கும் பாக்கெட்டை, அதாவது தரவுத் துண்டை, யாரிடம் கொடுப்பது என்று அட்டவணையில் இல்லாததால், அது வாசலிலேயே கைவிடப்படுகிறது.

இது சாதாரணப் பாதுகாப்பு அன்று. 2003 ஆகஸ்டில் பரவிய பிளாஸ்டர் என்ற, தானே பரவும் புழு நிரல் 135ஆம் போர்ட் வழியாகக் கணினிகளுக்குள் புகுந்தபோது, மோடம் வழியாக நேரடியாக இணையத்தில் நின்ற விண்டோஸ் எக்ஸ்பி கணினிகள் சும்மா இருந்தபடியே நோய்வாய்ப்பட்டன. ரவுட்டருக்குப் பின்னால் இருந்தவற்றை அந்தப் புழுவால் வெளியிலிருந்து எட்ட முடியவில்லை. எக்ஸ்பியில் அப்போதே ஒரு ஃபயர்வால் இருந்தது, ஆனால் அணைத்தபடி இருந்தது. 2004 ஆகஸ்டில் வந்த இரண்டாம் சர்வீஸ் பேக் என்ற மேம்படுத்தல்தான் அதைத் தானாகவே இயங்கும்படி செய்தது.

ரவுட்டருக்குத் தெரியாத இடம் வீட்டின் உள்பக்கம். ஒரே வைஃபையில் இருக்கும் இரண்டு கணினிகள் தமக்குள் பேசிக்கொள்வதைச் சாதாரண வீட்டு ரவுட்டர் அப்படியே கடத்திவிடுகிறதே தவிர, நிறுத்தி விசாரிப்பதில்லை. 2017 மே மாதம் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வானாக்ரை பரவியபோது, உள்ளே ஒரு கணினி மாட்டிக்கொண்டதும், 445ஆம் போர்ட் வழியாகப் பக்கத்துக் கணினிகளையும் அது தேடிப் பிடித்தது. கோப்புப் பகிர்வுக்கு நண்பர் திறந்துவிட நினைத்ததும் அதே 445தான். மைக்ரோசாஃப்ட் இதற்கான திருத்தத்தை மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது என்பது வேறு வருத்தம்.

கணினியில் இருக்கும் ஃபயர்வால் இந்த உள்பகையையும் பார்க்கிறது. எந்த நிரல் இணைப்பைக் கேட்கிறது என்பது அதற்குத் தெரியும். ரவுட்டருக்கோ முகவரியும் போர்ட் எண்ணும்தான் தெரியும். அதைவிட முக்கியம், மடிக்கணினி போகுமிடமெல்லாம் அதுவும் கூடவே போகிறது. நண்பர் பெரியார் பேருந்து நிலையத்துக்கு அருகில் உள்ள விடுதியின் வைஃபையில் வாடிக்கையாளரின் கணக்கைத் திறக்கும்போது, அவருடைய ரவுட்டர் திருநகரில் சுவரில் தொங்கிக்கொண்டிருக்கும்.

அதற்கும் குறைகள் உண்டு. நிர்வாகி உரிமையோடு ஓடத் தொடங்கிய தீய நிரல், தனக்கு வேண்டிய விதியைச் சேர்த்துக்கொள்ளும் அல்லது ஃபயர்வாலையே அணைத்துவிடும். வழக்கமான அமைப்பில் விண்டோஸ் ஃபயர்வால் உள்ளே வருவதைத்தான் தடுக்கிறது, வெளியே போவதை விட்டுவிடுகிறது. மின்னஞ்சலில் வந்த போலி இன்வாய்ஸை நாமே சொடுக்கினால் இரண்டு ஃபயர்வாலும் வழிவிடும்.

கேமரா, அதன் படங்களைப் பதியும் டி.வி.ஆர்., ஸ்மார்ட் டி.வி. போன்றவற்றில் நாம் ஃபயர்வால் நிறுவ வழியில்லை. அவற்றுக்கு ரவுட்டரை விட்டால் நாதியில்லை. 2016இல் மிராய் என்ற நிரல், தொழிற்சாலைக் கடவுச்சொல்லை மாற்றாமல் விட்ட இத்தகைய கருவிகளைத்தான் லட்சக்கணக்கில் வளைத்தது. நண்பரின் ரவுட்டர் பக்கத்தைத் திறந்து பார்த்தபோது, வெளியிலிருந்து வருவதை உள்ளே அனுப்பும் போர்ட் ஃபார்வர்டிங் பட்டியலில் 8080ஆம் போர்ட் நேராக டி.வி.ஆருக்குப் போய்க்கொண்டிருந்தது. கேமரா மாட்ட வந்தவர் கைப்பேசியில் படம் தெரிவதற்காகத் திறந்துவிட்டுப் போன வழி அது, டி.வி.ஆரின் கடவுச்சொல் பெட்டியில் வந்ததுதான். கருவிகள் தாமாகவே போர்ட் திறந்துகொள்ள அனுமதிக்கும் யு.பி.என்.பி. வசதியும் இயங்கிக்கொண்டிருந்தது.

இன்னொன்று, ஐ.பி. முகவரியின் புதிய பதிப்பைப் பற்றியது. ஐ.பி. ஆறாம் பதிப்பில் ஒவ்வொரு கருவிக்கும் உலகறிந்த தனி முகவரி கிடைப்பதால், முகவரி மாற்றம் தந்த மறைவு அங்கே இல்லை. 19ஆம் நூற்றாண்டில் கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் மதுரைக் கோட்டைச் சுவர் இடிபட்டு வெளிவீதிகள் வந்ததைப் போல, சுவர் போனபின் அவரவர் வீட்டுத் தாழ்ப்பாளுக்குத்தான் வேலை. ரவுட்டரில் ஆறாம் பதிப்புக்குரிய ஃபயர்வால் இயங்குகிறதா என்று தனியே பார்க்க வேண்டும். அது அணைந்திருந்தால் கணினியின் ஃபயர்வால் மட்டுமே மிஞ்சும்.

ஆகவே, மடிக்கணினிக்கு ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றால் நான் கணினி ஃபயர்வாலையே சொல்வேன், கேமராவுக்கு ரவுட்டரை. ஆனால் இரண்டும் காசில்லாமல் கையில் இருக்கும்போது ஒன்றைக் கைவிடக் காரணமே இல்லை. நண்பரின் டேலி சிக்கலுக்குக் காரணம் ஃபயர்வால் இருந்தது அன்று, அதன் அமைப்பு. வீட்டு வைஃபையை விண்டோஸில் ‘பப்ளிக்’, அதாவது பொது இடம், என்று தேர்ந்தெடுத்திருந்தார். அதைப் ‘பிரைவேட்’ ஆக்கி, கோப்புப் பகிர்வை வீட்டு முகவரிகளுக்கு மட்டும் அனுமதித்ததும் பக்கத்துக் கணினியில் கோப்பு திறந்துகொண்டது. யு.பி.என்.பி.யை அணைத்து, 8080ஐப் பட்டியலிலிருந்து நீக்கினோம். டி.வி.ஆருக்குப் புதுக் கடவுச்சொல் வைத்து, டி.வி.யை விருந்தினருக்கான தனி கெஸ்ட் வைஃபைக்கு மாற்றினோம். எல்லாம் சேர்ந்து பத்து நிமிட வேலை. ரவுட்டரின் நிர்வாகக் கடவுச்சொல்லைத் தேடத்தான் அரை மணி நேரம் போயிற்று. அது ரவுட்டரின் அடியில் ஒட்டியிருந்த தாளிலேயே இருந்தது. அதையும் மாற்றிவிட்டு வந்தேன்.